தானே கற்றலின் வரலாறும் நுழைவுத் தேர்வுக்கு நாம் தேர வேண்டிய வழியும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, பழம்பெருமை பேசுவதினும் இன்றைய தேவைக்கு வரலாற்றைத் துணைக்கு அழைப்பதே தக்கது என்று தோன்றியது. பொறியியலும் அறிவியலும் கற்று முடித்த நம் இளைஞர்கள் முதுநிலைப் படிப்புக்குரிய நுழைவுத் தேர்வை எழுத விரும்பும்போது முதலில் எழுப்பும் வினா, "எந்த இணையவழிப் பாடத்தில் சேரலாம்?" என்பதே. சேலத்திலோ சென்னையிலோ பெங்களூரிலோ தங்கிப் பயிற்சி பெறப் பொருள் இல்லாதவர்க்குக் கைப்பேசியில் வரும் பாடமே கதி. அப்பாடங்களோ எண்ணற்றவை; அவற்றின் விலையோ பலவகை; விளம்பரத்துக்கோ எல்லையில்லை. தவறாகத் தேர்ந்தால் பணம் போகும். அதனோடு ஓராண்டும் போகும். படிப்பின்மீது வீட்டார் வைத்த நம்பிக்கையும் போகும். கூலி வேலை செய்து சேர்த்த காசில் கட்டணம் கட்டும் குடும்பங்களுக்கு இது சிறு இழப்பன்று. ஆகவே இவ்வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று காண்போம்.

1893ஆம் ஆண்டின் விண்ணப்பம்

இந்திய ஆட்சிப் பணிக்குரிய முதல் போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் நடைபெற்றது. கப்பலேறிச் சென்று எழுத வல்லவர்க்கே அது எட்டியது. அங்கும் வாசிப்பு மட்டும் போதவில்லை. ரென் என்பவர் நடத்திய பயிற்சிக்கூடம் போன்றவற்றில் பணம் கட்டிப் பயின்றோரே பெருந்தொகையினராகத் தேறினர். போட்டித் தேர்வு பிறந்த காலத்திலேயே பயிற்சி வணிகமும் உடன் பிறந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தேர்வை இந்தியாவிலும் நடத்துக என்று காங்கிரசார் கேட்டனர். 1893இல் பிரிட்டிஷ் மக்களவையும் அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றியது. 'பறையன்' இதழை அதே ஆண்டில் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார், அத்தீர்மானத்தை எதிர்த்து 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். உள்நாட்டில் தேர்வு நடப்பதை நம் முன்னோர் ஏன் எதிர்த்தனர் என்று இன்று படிப்போர் வியக்கலாம். காரணம் தெளிவானது. தேர்வு இங்கே நடந்தால், தலைமுறை தலைமுறையாகக் கற்கும் வசதி பெற்றவர்களே அதிகாரம் அனைத்தையும் கைக்கொள்வர். கல்விக்கூடத்தின் வாயிலையே காணாத மக்கள் அவர்களுக்குக் கீழே மேலும் நசுக்கப்படுவர் என்று அவர் அஞ்சினார்.

கர்னல் ஆல்காட் அடையாறில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியது 1916இல். எனவே, அந்த விண்ணப்பம் எழுதப்பட்ட நாளில் நமக்குத் தொடக்கப் பள்ளியே அரிதாக இருந்தது. தேர்வு பொதுவாயிருப்பினும் அதற்கு ஆயத்தமாகும் வசதி பொதுவாயில்லை என்பதே அவ்விண்ணப்பத்தின் உட்பொருள். நூற்று முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இக்கருத்து பழுதுபடவில்லை.

அஞ்சலட்டையில் பிறந்த கல்வி

ஆயத்தமாகும் வசதியை ஏழைகளுக்கும் கொண்டு செல்ல எழுந்த முயற்சிகளில் ஒன்றே தபால்வழிக் கல்வி. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அவ்வாண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் தம் சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியாகக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் பயிற்சியை எழுதி அனுப்புவர். அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடத்தை அச்சிட்டு விற்பது அதற்கு முன்னும் உண்டு. புத்தகக்கடைக்காரர் அனைவரும் செய்தது அதுவே. பிட்மன் புதிதாகச் சேர்த்தது திருத்தம் ஒன்றைத்தான். அத்திருத்தத்தாலேயே வெறும் புத்தகம் பாடமாயிற்று.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன் வகுப்பில் வந்து அமராதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தபால்வழிப் பாடங்களைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் இறங்கின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின.

நம் சமூகத்தில் இடைநிலை ஆசிரியராகவும் எழுத்தராகவும் அஞ்சல் ஊழியராகவும் பணிபுரிந்துகொண்டே பட்டம் பெற்ற மூத்தோர் பலர் இவ்வழியில் வந்தவர்களே. வீட்டுக்கு வந்த பாட ஏடுகளை மட்டும் நம்பியோர் பாதியில் நின்றதையும், நேர்முக வகுப்புக்குத் தவறாது சென்று உடன் பயில்வோரோடு கலந்து படித்தோர் கரையேறியதையும் அம்மூத்தோர் சொல்லக் கேட்கலாம்.

இவ்வழியில் ஒரு படுகுழியும் இருந்தது. அடிப்படைப் பட்டம் இன்றியே திறந்தநிலை முறையில் முதுகலைப் பட்டம் பெறலாம் என்று நம்பிப் பலர் சேர்ந்தனர். அத்தகைய பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பணமும் ஆண்டுகளும் செலவிட்டோர் திகைத்து நின்றனர். பாடம் நல்லதா என்று கேட்குமுன், அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று கேட்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

அண்ணல் கற்ற முறை

தானே கற்றலுக்கு அண்ணல் அம்பேத்கரைவிட உயர்ந்த சான்று வேண்டுவதில்லை. 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையால் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். லண்டனில் பயின்ற நாட்களில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலேயே பகற்பொழுதைக் கழித்தார். எனினும் அவர் எவர் துணையுமின்றிப் படித்தவர் என்று நாம் கருதிவிடக் கூடாது. பம்பாயில் பள்ளி மாணவராகப் பூங்காவில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்த அச்சிறுவனைக் கண்டு, நூல்கள் தந்து வழிகாட்டியவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தவரும் அவரே. தானே கற்பது வேறு. தனியே கற்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும். தாம் பெற்ற துணை பிறர்க்கும் கிட்ட வேண்டும் என்பதற்காகவே, வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கு அரசு நிதி பெற அண்ணல் வாதாடினார். இன்று நம் கல்லூரி மாணவர் பெறும் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் பிறந்தது.

நுழைவுத் தேர்வுகள் பெருகிய காலம்

அண்ணல் கொலம்பியாவில் சேர்ந்தபோது அங்கே பொது நுழைவுத் தேர்வு எதுவுமில்லை. 1936இல்தான் கொலம்பியா உள்ளிட்ட நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பள்ளிகள், கார்னகி அறக்கட்டளையின் துணையோடு ஒரு சோதனைத் தேர்வைத் தொடங்கின. அதுவே இன்று ஜி.ஆர்.இ. எனப்படுகிறது. நம் நாட்டில் பொறியியல் பட்டதாரிகளுக்கான 'கேட்' தேர்வு 1984 முதல் நடைபெறுகிறது. முதுநிலைப் படிப்புகளுக்கான 'டான்செட்' தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தி வருகிறது, எம்.இ., எம்.டெக். முதலிய படிப்புகளுக்கு 2023 முதல் 'சீட்டா' என்னும் தனித்தேர்வு பிரிக்கப்பட்டது. ஒன்றியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலை இடங்களுக்கு 2022இல் 'கியூட்' பொதுத்தேர்வு வந்தது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984இல் கொண்டுவரப்பட்ட நுழைவுத் தேர்வு, நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்கே ஆக்கம் தந்தது என்று உணரப்பட்டு 2007இல் கைவிடப்பட்டது. ஆயினும் மருத்துவத்துக்கு நாடு தழுவிய தேர்வு கட்டாயமானது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, 2017 செப்டம்பர் 1 அன்று உயிர் நீத்ததை நாம் எவ்வாறு மறப்போம்? சீனிவாசனார் 1893இல் எழுப்பிய ஐயம் அன்று மீண்டும் நம் கண்முன் நின்றது. இம்முறை மாற வேண்டும் என்று போராடுவது நம் கடமை. மாறும்வரை அத்தேர்வுகளை வெல்ல நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதும் நம் கடமையே.

இணையம் கொண்டுவந்ததும் கொண்டுவராததும்

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின்கீழ்த் தம் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. 2017இல் ஒன்றிய அரசின் 'ஸ்வயம்' தளம் தொடங்கப்பட்டது. விரிவுரை கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. கேட் தேர்வுக்கென்றே பழைய வினாக்களுக்கு விளக்கமும் மாதிரித் தேர்வும் அங்கே தனியாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் எத்தனை பொருள் கொடுத்தாலும் கேட்க முடியாதிருந்த பேராசிரியரின் விரிவுரை, இன்று பென்னாகரத்துக் குடிசையிலும் கேட்கிறது. இது நம் காலத்தின் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் மற்றொரு கணக்கையும் காண்க. உலகின் புகழ்மிக்க பல்கலைக்கழகங்கள் நடத்திய இணையப் பாடங்களில் சேர்ந்தவருள், 2017-18இல் முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவே என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. விரிவுரை சிறந்தது, ஆசிரியர் சிறந்தவர், கட்டணமும் இல்லை. இருந்தும் ஏன் முடிக்கவில்லை? பிட்மனின் அஞ்சலட்டையில் இருந்த ஒன்று அங்கே இல்லை. எழுதியதைப் பார்த்துத் திருத்துவோரும், வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்போரும் இல்லை.

இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லியே கட்டணப் பாடங்கள் வந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆசை காட்டிப் பணம் பறிப்பனவும் உண்டு. தவணைக் கடனும் வங்கிக் கணக்கிலிருந்து தானே பணம் எடுக்கும் முறையும் பெற்றோரை வருத்தியதால், 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்யலாகாது. வென்றவரின் படத்தை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. அவர் எந்தப் பாடத்தில் பயின்றார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டிய முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பாடத்தைத் தேடுமுன் வினாத்தாளைத் தேடுக. தேர்வை நடத்தும் நிறுவனமே பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் இலவசமாக வெளியிடுகிறது. கேட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 65 வினாக்கள். மொத்தம் 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் எல்லாப் பிரிவினர்க்கும் பொதுவான மொழியறிவும் கணக்கறிவும் பற்றியது. பழைய தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தால், நம் குறை எங்குள்ளது என்று தெரியும். அக்குறைக்கு ஏற்ற பாடத்தைத் தேடுவதே அறிவுடைமை. தனக்கு வேண்டியது இயந்திரவியல் கணக்கா, ஆங்கிலமா என்றறியாது முழுப் பாடத்தையும் விலைக்கு வாங்குவது, நோய் அறியாது மருந்து வாங்குவதாகும்.

இரண்டாவது, நேரத்தைக் கணக்கிடுக. கேட் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஜூலையில் தொடங்கினால் ஏறத்தாழ 210 நாட்கள். வேலைக்குச் செல்பவர் நாளொன்றுக்கு இரண்டு மணி ஒதுக்கினால் 420 மணி. அதில் பாதியாவது தாமே கணக்குப் போட்டுப் பழகச் செல்ல வேண்டும். ஆகக் கேட்பதற்கு எஞ்சுவது 210 மணியே. எழுநூறு மணிநேர விரிவுரை உண்டு என்று ஒரு பாடம் பெருமை பேசுமானால், அது அவருக்குப் பயன்படாது.

மூன்றாவது, திருத்தத்தை விசாரிக்க. ஐயம் கேட்டால் விடை தருபவர் யார்? எத்தனை நாளில் தருவார்? விடை தவறு என்று மட்டும் சொல்வாரா, தவறிய இடத்தைக் காட்டுவாரா? ஒரு மதிப்பெண் தெரிவு வினாவுக்குத் தவறான விடை தந்தால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும். எண்ணை விடையாக எழுதும் வினாவுக்குக் கழிவில்லை. இத்தகைய நுட்பங்களோடு மாதிரித் தேர்வு அமைந்துள்ளதா என்றும் பார்க்க. விரிவுரை இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில், பணம் கொடுப்பதாயின் திருத்தத்துக்கே கொடுக்க வேண்டும்.

நான்காவது, மொழியை எண்ணுக. கேட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். கருத்தைத் தமிழில் விளங்கிக்கொள்வதில் தவறில்லை. அது விரைவும் தெளிவும் தரும். ஆனால் பயிற்சியை ஆங்கிலத்தில் செய்தாக வேண்டும். இரண்டையும் தரும் பாடமே நமக்கு உகந்தது.

ஐந்தாவது, பணத்தைக் காக்க. கடனாகவும் தானியங்கித் தவணையாகவும் கட்டணம் கட்டாதீர். திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் பெறுக. இரண்டு வாரமேனும் இலவசப் பாடத்தைக் கேட்ட பின்னரே முடிவு செய்க. பாடத்தின் காலம் தேர்வு நாள்வரை நீளுமா என்றும், இணைப்பு இல்லாதபோது பார்க்கப் பதிவிறக்கம் செய்யலாமா என்றும் கேட்க. இவையன்றி, பட்டியல் சாதியினர்க்குக் கேட் விண்ணப்பக் கட்டணம் பாதியே. தகுதி மதிப்பெண்ணும் பொதுப் பிரிவின் மூன்றில் இரண்டு பங்கே. டான்செட்டிலும் கட்டணச் சலுகை உண்டு. 1974இல் தொடங்கிய தாட்கோ நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும் இலவசப் பயிற்சிகளையும் கவனித்து வருக. வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு ஒன்றிய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. ஜி.ஆர்.இ. எழுதுவோர்க்குத் தேர்வு நிறுவனமே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. விலை கொடுத்து வாங்குமுன் அவற்றை எழுதிப் பார்க்க.

நம் மாவட்டமும் நம் சங்கமும்

சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே அரசு கலைக் கல்லூரியும் வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. செட்டிக்கரையில் அரசு பொறியியற் கல்லூரி 2013இல் தொடங்கிற்று. எனினும் 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, நம் மாவட்டம் 68.54 விழுக்காட்டுடன் கடைசியில் நின்றது. எழுத்தறிவிலேயே பின்தங்கிய மண்ணில் முதுநிலை நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் எண்ண வேண்டா. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் உயரத்தில் நின்றால், அவர் தெருவின் பிள்ளைகள் அனைவரும் நிமிர்ந்து பார்ப்பர்.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது, பொருள்களோடு பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் எரிந்தன. சான்றிதழ்களின் படிகளை அரசின் டிஜிலாக்கர் தளத்திலும் உறவினர் வீட்டிலும் காத்து வைத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் அவசியம். எரித்தவர்கள் தாளைத்தான் எரிக்க முடிந்தது. கற்ற கல்வி அவர்கள் கைக்கு எட்டவில்லை.

இனி, சங்கம் செய்யத்தக்கது யாது? விரிவுரையை நாம் தயாரிக்க வேண்டியதில்லை. அது வேண்டுமளவு உள்ளது. பிட்மனின் திருத்தத்தையும் கேளுஸ்கரின் துணையையும் நாம் தரலாம். ஞாயிறுதோறும் தேர்வெழுதும் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். முன்னரே தேறியவர்கள், பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தாலும், அவ்விடைகளைக் கைப்பேசி வழியே பார்த்துத் திருத்தட்டும். ஐவர் சேர்ந்தால் கட்டணப் பாடம் எதையும் வாங்குமுன் ஒருவர்க்கொருவர் ஆராய்ந்து சொல்லலாம். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை முடிந்தபின் எஞ்சும் நேரமே படிப்புக்குக் கிடைக்கிறது. வீட்டுக் கைப்பேசியும் அண்ணன் தம்பியர் கைக்குப் போன பின்னரே அவர்களிடம் வருகிறது. அவர்களுக்கென நாளும் இரண்டு மணி நேரமும் ஒரு பாதுகாப்பான இடமும் ஒதுக்குவதைப் பெற்றோரும் சங்கமும் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.

ஆதிதிராவிடர், அருந்ததியர் என்ற வேற்றுமை இன்றி இப்பணியில் அனைவரும் இணைய வேண்டுகிறேன். 1893இல் கையொப்பமிட்ட 3,412 பேரில் பலர் தம் பிள்ளைகளைப் பள்ளியில் கண்டதில்லை. அவர்தம் வழிவந்த நாம், நம் பிள்ளைகளைத் தேர்வுக்கூடத்தின் வாயில்வரை கொண்டுவந்துவிட்டோம். உள்ளே சென்று அவர்கள் தலைநிமிர்ந்து எழுதுவதற்கு வேண்டிய துணையை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் தருவோம். வளர்க நம் கல்விச் சங்கம்! வெல்க நம் இளைஞர்!